கூறு போட்ட மாத்திரைகள்

என் வாயைப் பற்றி யாரும் நல்லவிதமாகப் பேசியதில்லை. என்னிடம் டைப் அடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அதற்கு வெற்றிலைப் பெட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். என் மனைவி அலமேலு அதைத் தாழ்ப்பாள் இல்லாத கதவு என்பாள். ஆகவே ஒரு பெண் டாக்டர் அதற்குள் டார்ச் அடித்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “இது ரொம்ப முக்கியமான வாய்” என்று சொன்னபோது, பயத்தையும் மீறி எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

நான் போனது பல் வலிக்காக. எலவனாசூர்கோட்டைக் கடைத்தெரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். சர்க்கார் வேலைக்குப் போகிற படிக்கட்டு என் மாடிப்படி வழியாகத்தான் போகிறது என்று சுற்றுவட்டாரத்து விவசாயக் குடும்பங்கள் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை. ஏழெட்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் தடதடக்கும்போது, இடது கன்னத்தில் வெற்றிலையும் புகையிலையும் அடக்கிக்கொண்டு, பிழைகளைச் சிவப்பு மசியில் வட்டமிடுவது என் தொழில். மிச்ச நேரத்தில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். அவர்களும் சிரத்தையாகத் திருப்பி அனுப்புவார்கள்.

கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியின் பல் டாக்டர் என் பல்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறந்துவிட்டார். கன்னத்தின் உட்புறத்தை இழுத்துப் பார்த்தவர், என்னைக் கையோடு அடுத்த அறைக்கு அழைத்துப் போனார். அங்கேதான் டாக்டர் நிர்மலா இருந்தார். சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காக மாதத்தில் சில நாட்கள் வந்து தங்குகிறவர். என் கன்னத்துக்குள் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. விரலால் தேய்த்தாலும் போகாது. வெண்படலம் என்றார். புகையிலை பல வருஷங்கள் ஒரே இடத்தில் குடியிருந்தால் சுவருக்கு இப்படி ஆகுமாம்.

“இது புற்றுநோய் இல்லை. பயப்படாதீங்க. ஆனா சில பேருக்கு அப்படி மாறலாம். சில பேருக்கு மாறாமலே இருக்கலாம்” என்றார்.

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் நான் அடுத்த சில வருஷங்கள் குடியிருந்தேன்.

முதலில் ஒரு துணுக்குச் சதை எடுத்தார்கள். பயாப்ஸி என்ற சொல்லைக் கேட்டதும் பாதி உயிர் போய்விடுகிறது. விஷயம் இவ்வளவுதான்: மரத்துப்போக ஓர் ஊசி, பிறகு கம்பு மணி அளவுக்கு ஒரு கிள்ளல், ஒரு தையல். அந்தத் துணுக்கை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். என் செல்கள், ரேஷன் கடை வரிசை மாதிரி, ஒழுங்காக நிற்பதை விட்டு லேசாகத் தள்ளுமுள்ளு ஆரம்பித்திருந்தன. இன்னும் அடிதடி இல்லை. அடிதடிக்குப் பெயர்தான் புற்று. தள்ளுமுள்ளு தானாக அடங்கவும் செய்யலாம். அதை அடக்க ஒரு வைட்டமின் உதவுமா என்பதுதான் அந்த அம்மாவின் ஆராய்ச்சி.

நிபந்தனைகள் கடுமையாக இருந்தன. புகையிலையை விட வேண்டும். தினம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை, வருஷக் கணக்கில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். வாயை இரண்டு ஸ்டீல் கரண்டிகளால் அகட்டிப் படம் எடுப்பார்கள். அவ்வப்போது இன்னொரு கம்பு மணி. இத்தனைக்கும் மேல், பங்கு பெறுகிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் மருந்து. மீதிப் பாதிக்கு உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்.

“எனக்கு எது?” என்றேன்.

“எனக்கும் தெரியாது. தெரிஞ்சா என் கண்ணே பொய் சொல்லும். மருந்து சாப்பிடறவர் வாயில வெள்ளை குறைஞ்ச மாதிரியே தோணும். அதனாலதான் யாருக்கு எதுன்னு சென்னையில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, எங்க யாருக்கும் சொல்லாம வெச்சிருக்காங்க. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் திறப்பாங்க.”

அரசாங்கக் கட்டடத்துக்குள் ஒருவர் தனக்குத் தெரியாது என்பதை இவ்வளவு காரணத்தோடு சொல்லி அன்றுதான் கேட்டேன். உடனே சம்மதித்துவிட்டேன். கூட வந்திருந்த அலமேலுவுக்கு வேறு சந்தேகம்.

“இன்னா வைட்டமினுங்க டாக்டரம்மா அது?”

“பப்பாளி, கேரட், முருங்கைக்கீரை, இதுல எல்லாம் இருக்கறதுதான்மா.”

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டு முருங்கை மரம் மொட்டையாகவே நின்றது.

வெள்ளையனை நான் சந்தித்தது அந்த அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஓர் ஊர். சாமையும் கொஞ்சம் மரவள்ளியும் பயிரிடுகிறவர். என் வயதுதான் இருக்கும். அவர் கன்னத்திலும் அதே வெள்ளை. வலது பக்கம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் எங்கள் இரண்டு படலங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்.

“வாத்தியாரே, நமக்கு வாய்ல வலி கிலி ஒண்ணும் கெடையாது. வலி இல்லாததுக்கு இன்னாத்துக்கு இம்மாந்தூரம் போய்க்கினு வந்துக்கினு இருக்கறன்னு ஊர்ல கேக்கறானுங்க” என்றார்.

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“நோவு வந்தவன் போறது அந்தாண்ட வாசல், வர்றதுக்கு மின்னாடி போறது இந்தாண்ட வாசல்னேன். அப்ப மழைக்கு மின்னாடியே கொடையப் புடிச்சிக்கினு நடன்னு சிரிக்கறானுங்க.”

இதைவிடச் சுருக்கமாக எங்கள் நிலைமையை யாராலும் சொல்ல முடியாது. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வர வலி இருக்கிறது. எங்களை இழுத்து வர என்ன இருக்கிறது? பெஞ்சு நாளுக்கு நாள் காலியாயிற்று. வேலை கிடைத்துப் போனவர்கள் சிலர். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நின்றவர்கள் பலர். வெட்டியெடுக்கிற சதையை வெளிநாட்டுக்கு விற்கிறார்கள் என்று நம்பி ஓடியவர்களும் உண்டு. என் கன்னத்துக்கு வெளிநாட்டில் கிராக்கி இருக்கும் என்பதை நான் நம்ப விரும்பினாலும், நம்ப முடியவில்லை.

வருகிறவர்களும் மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார்களா என்றால் அதுவும் இல்லை. அந்த அறையின் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் பாட்டிலைக் குலுக்கி மிச்சத்தை எண்ணுவார். மிச்சம் இருந்தால் திட்டு விழும் என்பதால், உள்ளே வருவதற்கு முன் வாசல் வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு வருகிற புத்திசாலிகள் இருந்தார்கள். அந்த மரத்துக்கு இந்த ஜன்மத்தில் வைட்டமின் குறைவு வராது.

என் பாட்டிலிலும் வெள்ளையன் பாட்டிலிலும் மட்டும் மிச்சமே இருக்காது. சிஸ்டர் எங்களை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டுவார். என் விஷயத்தில் பெருமை அலமேலுவுக்குச் சேர வேண்டியது. கடைசிக் கவளம் உள்ளே போகும்போதே மாத்திரையும் தண்ணீருமாக எதிரே நிற்பாள். நான் புகையிலையை விட்டு, உலகத்தையே கடித்துக் குதறிக்கொண்டிருந்த நாட்களில் ஒன்று கவனித்தேன். சாப்பிட்டதும் வெற்றிலை போடுகிற அவள் வழக்கமும் நின்றிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பார்த்தால், சுண்ணாம்பு டப்பா இருந்த இடத்தில் நெல்லிக்காய் வற்றல்.

ஒருநாள் பெஞ்சில் வெள்ளையன் தன் ஊர் வழக்கம் ஒன்றைச் சொன்னார். தேன் எடுத்தாலும் சரி, திருவிழாவுக்குக் கிடா வெட்டினாலும் சரி, இலையில் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் கறி கொஞ்சம், ஈரல் கொஞ்சம், எலும்பு கொஞ்சம் இருக்கும். கூறு போட்டவன் எல்லாரும் எடுத்த பிறகு கடைசியில்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் அவன் கை ஒரு பக்கம் சாயாது.

“ஒரு கூறுல வெறும் எலும்பு, ஒரு கூறுல வெறும் கறின்னு வெச்சா எங்கூர்ல மண்ட ஒடையும். இங்க இன்னாடான்னா ஒர்த்தனுக்கு சத்து, ஒர்த்தனுக்கு சும்மாவாம். இதுக்குப் பேரு படிச்சவங்க போட்ட கூறு” என்றார்.

நான் சிரித்தேன். அலமேலு சிரிக்கவில்லை. மடியிலிருந்த மாத்திரை பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் என்னைப் படம் எடுக்க உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. என் இன்ஸ்டிடியூட்டில் விரல்கள் டைப் அடிக்கும், வாய்கள் சதவீதம் பேசும். என்னிடம் ஹையர் பாஸ் செய்துவிட்டு மறுபடி நாற்று நடப் போன பையன்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்டது பங்கு. பங்கு கேட்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு என்னிடம் நகைச்சுவை கிடையாது. ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்தார்கள். முதல் நாள் விடிவதற்குள், உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி போகிற சாலை நெடுக, நூறு வருஷத்துப் புளியமரங்கள் குறுக்கே படுத்துவிட்டன.

அந்த வாரத்தில்தான் என் முறை வந்தது. தள்ளிப்போட்டிருக்கலாம். பெஞ்சுக்காரர்கள் ஏறக்குறைய எல்லாரும் தள்ளித்தான் போட்டார்கள். ஆனால் சில நாட்களாக ரசம் பட்டால்கூட இடது கன்னம் சுரீரென்றது. கண்ணாடியில் பார்த்தால் வெள்ளைக்கு நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. வெள்ளையைவிடச் சிவப்புக்குத்தான் பயப்பட வேண்டும், சிவப்பு தெரிந்தால் தேதி பார்க்காமல் ஓடி வாருங்கள் என்று சிஸ்டர் தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். தள்ளுமுள்ளு அடிதடி ஆகிவிட்டதோ என்ற நினைப்பு வந்த பிறகு, வீட்டில் உட்கார்ந்திருக்கிற தைரியம் எனக்கு இல்லை.

சைக்கிளில் கிளம்பினோம். கேரியரில் அலமேலு, ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி. மேடு வந்தால் அவள் இறங்கி நடப்பாள். நடந்தபோதெல்லாம் அவள்தான் முன்னால் போனாள்.

முதல் மரத்திலேயே என் மாணவன் குமரவேல் நின்றான். கையில் கோடாரி.

“சார், நீங்களா? ரோடு இல்லைங்க சார் இன்னிக்கு.”

“தெரியுதுப்பா. மரம் படுத்துக்கினு இருக்குது.”

“அம்மாவையும் இட்டுக்கினு எங்க சார்?”

“வாயைக் காட்டப் போறேன்.”

வகுப்பில் நான் அடிக்கிற ஜோக்குகளில் ஒன்று என்று நினைத்து அவன் சிரித்தான். அலமேலு கீழே இறங்கினாள். “புத்து நோவா இருக்குமோன்னு பயமா இருக்குதுப்பா குமாரு” என்றாள்.

சிரிப்பு நின்றது. நாலு பேர் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். அலமேலு ஏறி இறங்கக் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டார்கள். குமரவேல் அடுத்த மரத்துக்குக் குரல் கொடுத்தான்: “டைப் சாரு வர்றாரு, ஒடம்பு சரியில்ல, உடுங்கடா!”

அந்தச் சேதி எங்களுக்கு முன்னால் ஓடியது. ஒவ்வொரு மரத்துக்கும் என் நோய் கொஞ்சம் முற்றியது. மூன்றாவது மரத்தில் எனக்கு ஆபரேஷன். அதற்கடுத்த மரத்தில் டாக்டர்கள் கைவிட்டிருந்தார்கள். தியாகதுருகம் நெருங்கும்போது, சாலையில் நின்ற கூட்டமே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செத்தவனுக்கு வழி விடுவதுபோல் ஒதுங்கி நின்றது. செத்தவன் மூச்சு வாங்கப் பெடல் மிதித்துக்கொண்டு போனதை அவர்கள் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் பார்த்தார்கள். ஒரு அம்மா மோர் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிப் பெஞ்சில் ஒரே ஓர் ஆள். வெள்ளையன். மலையிலிருந்து குறுக்குப் பாதையில் கச்சிராயபாளையத்துக்கு இறங்கி, அங்கிருந்து நடையாகவே வந்திருக்கிறார். காலைத் தூக்கிக் காட்டினார். பாதம் முழுக்கக் கொப்புளம்.

“கொடையப் புடிச்சிக்கினு வந்துட்டேன் வாத்தியாரே” என்றார்.

டாக்டர் நிர்மலா மறியலுக்கு முன்பே வந்து மாட்டிக்கொண்டிருந்தார். என் கன்னத்தை வெகுநேரம் பார்த்தார். இந்தத் தடவை முக்கியமான வாய் என்று சொல்லவில்லை. சிவப்புப் பொட்டில் சதை எடுத்தார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. ரத்தம் நிற்க நேரமாயிற்று. சைக்கிளில் திருப்பி அனுப்ப முடியாது என்று வார்டில் சேர்த்துவிட்டார்கள். கால் கொப்புளத்தைக் காரணம் காட்டி வெள்ளையனுக்கும் பக்கத்துக் கட்டில் கிடைத்தது.

துணுக்கு சென்னைக்குப் போக வேண்டும். சென்னைக்குப் பஸ் இல்லை. ஆக, என் கன்னத்தின் ஒரு பகுதி, மருந்துத் தண்ணீரில் மிதந்தபடி, டாக்டர் மேஜை மேல் ஒரு சின்ன பாட்டிலில் காத்துக்கொண்டிருந்தது. கட்டிலில் படுத்தால் கதவு வழியாக அது தெரியும். என் விதி முழுவதும் தெரிந்த ஒரே ஜீவன் அதுதான். அதனால் பேச முடியாது. கன்னம் வீங்கியதால் என்னாலும் பேச முடியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

வெளியிலிருந்து கெட்ட சேதிகள் வந்தன. அடிபட்டவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு ஸ்ட்ரெச்சரையும் எட்டிப் பார்த்து, “நம்ம புள்ளைங்க யாரும் இல்ல” என்று அலமேலு வந்து சொல்வாள். கொஞ்ச நேரம் கழித்து, “யாரு வூட்டுப் புள்ளையோ” என்பாள். ஆஸ்பத்திரிச் சமையல்காரியை எப்படியோ சிநேகம் பிடித்து, காரமில்லாத கஞ்சியைத் துணியில் வடிகட்டி, ஆறவைத்து, ஸ்பூனால் வலது பக்கமாக ஊற்றுவாள். நகைச்சுவை எழுதுகிறவன் என்ற முறையில் அந்த நாட்களில் நான் யோசித்து வைத்த ஜோக்குகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. பயம் நல்ல எழுத்தைத் தரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பயம் தருவது வயிற்றுப்போக்குதான்.

ஒரு மத்தியானம் கண் விழித்துப் பார்த்தேன். இரண்டு கட்டிலுக்கும் நடுவே தரையில் துண்டு விரித்திருந்தது. அதன் மேல் சிஸ்டர் புதிதாகக் கொடுத்த எங்கள் இருவரின் மாத்திரைகளும் கிடந்தன. வெள்ளையன் ஒவ்வொரு கூறிலும் என் மாத்திரை ஒன்று, தன் மாத்திரை ஒன்று என்று வைத்து, இரண்டு கூறாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“கூறு போட்டது நான். நீ மொதல்ல எட்துக்க அலமேலம்மா” என்றார்.

அலமேலு ஒரு கூறை அள்ளி என் பாட்டிலில் போட்டாள்.

வீக்கத்தையும் மறந்து எழுந்து உட்கார்ந்தேன். “இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்?”

“பாத்தா தெரியல? பங்கு போடறோம்” என்றாள் அலமேலு.

“எப்பத்திலேர்ந்து?”

“அவரு கூறு போடற கதையச் சொன்னாரே, அன்னிலேர்ந்து. உங்களப் படம் புடிக்க உள்ள இட்டுக்கினு போவாங்க இல்ல, அப்ப” என்றாள் அலமேலு. ஒளிக்கிற பாவனையே இல்லை. “ஒரு பாட்டில்ல சத்து, ஒரு பாட்டில்ல சும்மா. நமக்கு எது வந்துச்சுன்னு டாக்டரம்மாவுக்கே தெரியாதாம். கலந்துட்டா ரெண்டு பேருக்கும் பாதியாவது கெடைக்கும். உங்களுக்கு மட்டும் சத்து வந்து, வெள்ளையண்ணனுக்கு சும்மா வந்துச்சுன்னா, அவரு பொண்டாட்டி மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?”

அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆராய்ச்சியைத்தான் குழிதோண்டிப் புதைத்திருந்தார்கள். நான் வீங்கிய வாயால் விளக்கினேன். மருந்து சாப்பிட்டவர் யார், சாப்பிடாதவர் யார் என்று கடைசியில் பிரித்துப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்ததா என்று தெரியும். கலந்துவிட்டால் இரண்டு பேரும் அரைகுறை. நம்மை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நாளைக்கு இதே வெள்ளையோடு வருகிறவனுக்கு எதைக் கொடுப்பது என்றும் தெரியாது.

வெள்ளையன் கையிலிருந்த மாத்திரையைத் துண்டில் வைத்தார்.

“அப்ப கணக்கு கெட்டுப்போச்சுன்ற.”

“நம்ம ரெண்டு பேரு கணக்கு கெட்டுப்போச்சு.”

“சொன்னா வெளில தள்ளிடுவாங்களா?”

அதுதான் கேள்வி. மாத்திரையில் என்ன இருந்ததோ, எங்களுக்குத் தெரியாது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்க அந்த ஒரு அறைதான் இருந்தது. அந்தச் சிவப்புப் பொட்டை வேறு எந்த ஊரில் யார் பார்த்திருப்பார்கள்? சதை பாட்டிலில் மிதக்கிற நேரத்தில் வெளியே அனுப்பிவிட்டால்? முடிவு வரட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று, நிறையப் படித்தவன் என்ற முறையில், நிறையக் காரணங்களோடு நான் யோசனை சொன்னேன்.

அலமேலு முந்தானையை இழுத்துச் செருகினாள். “நான் பண்ணதை நான் சொல்றேன். நீங்க வாயை மூடிக்கினு படுங்க.”

அந்த நிலையில் அது மருத்துவ ஆலோசனையாகவும் இருந்ததால், படுத்துக்கொண்டேன். கதவு வழியாக எல்லாம் கேட்டது.

டாக்டர் நோட்டைப் புரட்டுவது கேட்டது. பிறகு, “நீங்க ரெண்டு பேர் மட்டுமா? பெஞ்சுல எல்லாருமா?” என்றார்.

“நாங்க ரெண்டு பேருதாங்க. மத்தவங்க பாட்டில்ல மிச்சம் வருதே டாக்டரம்மா. மிச்சம் வெக்கறவங்களோட எப்படிப் பங்கு வெச்சிக்கறது?”

ஒரு சத்தம் கேட்டது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார். அடக்கப் பார்த்து, முடியாமல், மறுபடி சிரிக்கிறார். அப்புறம் எழுந்து எங்களிடமே வந்தார்.

“செஞ்சது தப்பு. இனிமே கூடாது. உங்களுக்குப் புது பாட்டில் தரச் சொல்றேன். மாத்திச் சாப்பிட்டதை நான் எழுதிக்கணும், சென்னைக்கும் சொல்லணும்.”

“எங்கள வெளில அனுப்பிடுவீங்களா?” என்றார் வெள்ளையன்.

“அனுப்பினாத்தான் கணக்கு நிஜமாவே கெடும். ஒழுங்கா சாப்பிட்டவங்க, மறந்தவங்க, மரத்துக்குப் போட்டவங்க, கூறு போட்டவங்க, எல்லாரையும் கடைசி வரைக்கும் பாக்கணும். ஊர்ல உலகத்துல மருந்து குடுத்தா மனுஷங்க இப்படித்தானே சாப்பிடப் போறாங்க? பாதில காணாமப் போறவங்கதான் எனக்கு நஷ்டம்.” கொஞ்சம் நிறுத்தி, வெள்ளையனின் காலைப் பார்த்தார். “இத்தனை மரத்தைத் தாண்டி வந்தது ரெண்டே பேர். உங்களையும் அனுப்பிட்டு நான் யார் வாயைப் பாக்கறது?”

வேப்பமர விஷயம் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சாலை திறந்த அன்று, முதல் பஸ்ஸில் ஸ்டெல்லா சிஸ்டரின் கைப்பையில் என் துணுக்கு சென்னைக்குக் கிளம்பியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய் வழியனுப்பினேன். யாரையும் அவ்வளவு பிரியமாக நான் பஸ் ஏற்றியதில்லை.

முடிவு வந்தபோது டாக்டர் என்னை உட்காரச் சொல்லவில்லை. அலமேலுவை உட்காரச் சொன்னார். அதிலேயே தெரிந்துவிட்டது. அடிதடி ஆரம்பித்திருந்தது. புற்றுதான். ஆனால் மேல் தோலுக்குள்ளேயே இருந்தது. தோலுக்கு அடியில் ஒரு தரை உண்டாம். அந்தத் தரையை உடைத்துக்கொண்டு கீழே இறங்கினால்தான் கழுத்து, நுரையீரல் என்று ஊர் சுற்றக் கிளம்பும். என்னுடையது இன்னும் தரையைத் தாண்டவில்லை.

“சுத்தி வளைச்சு வெட்டி எடுத்துடலாம். மறியல் முடியட்டும், பொங்கல் போகட்டும்னு வீட்ல இருந்திருந்தா, நாம வேற பேச்சு பேசிக்கிட்டு இருப்போம்” என்றார்.

அலமேலு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை, வாய் கோணினால் தையல் பிரியும் என்று சொல்லியிருந்தார்கள்.

சென்னையில் அறுவைசிகிச்சை நடந்தது. வெட்டிய இடத்தில் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டினார்கள். என் தொடை என் கன்னத்துக்குள் இருக்கிறது. இனி யாராவது என் கன்னத்தில் அறைந்தால் அடி எங்கே விழுந்தது என்று தீர யோசிக்க வேண்டியிருக்கும். செலவுக்கு இரண்டு மெஷின்களை விற்றேன். ஆறியபோது தோல் இழுத்துக்கொண்டது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. அதற்குப் பயிற்சி, தட்டையான மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவில் செருகுவது. கொஞ்ச நாளைக்கு ஒரு குச்சி கூடும். அத்தனை குச்சிக்கு எங்கே போவது என்று அலமேலு கவலைப்பட்டாள். குமரவேல் கேட்டுக்கொண்டு போனான். மறுநாளிலிருந்து இன்ஸ்டிடியூட்டில் எல்லாப் பிள்ளைகளும் குச்சி ஐஸாகத் தின்ன ஆரம்பித்தார்கள். கழுவிக் காயவைத்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார்கள். சளி பிடித்தவர்களும் விடவில்லை. என் வாய் திறந்ததற்கு வைத்தியமும் காரணம், ஊர் ஐஸ் வண்டியும் காரணம்.

பெஞ்சுக்கு நாங்கள் போவதை நிறுத்தவில்லை. வெள்ளையனின் வெள்ளை சுருங்கிக்கொண்டே வந்தது. என் மறுகன்னத்தையும் புதுத் தோலையும் பார்த்துப் பார்த்து, ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்வதைக் கேட்கவே நான் வெறும் வயிற்றோடு பஸ் ஏறுவேன். ஒன்றும் இல்லை என்ற சொல்லுக்கு நிகரான சங்கீதம் கிடையாது.

போன மாதம் ஆராய்ச்சி முடிந்தது. பலன் உண்டா இல்லையா என்ற பெரிய கணக்கை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். ஆனால் யாருக்கு எது என்பதைத் திறந்துவிட்டார்கள். டாக்டர் எங்கள் மூவரையும் உள்ளே கூப்பிட்டார். தலைமுடியில் நரை ஏறியிருந்தது. ஆரம்பிக்கும்போதே சிரித்துவிட்டார்.

“உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் விழுந்திருக்கு.”

“சத்தா?” என்றாள் அலமேலு.

“ரெண்டும் சும்மா.”

வருஷக் கணக்கில் துண்டு விரித்து, கண்ணும் கருத்துமாகப் பிரித்து, முதலில் நீ எடு என்று உபசரித்து, ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லாததோடு கலந்திருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கும் அதனால் ஒரு கேடும் வரவில்லை. அலமேலுவின் முகம் தொங்கிவிட்டது.

வெள்ளையன்தான் பேசினார். “அப்ப கூறு சரியாத்தான் விழுந்திருக்குது.”

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. தட்டில் மூன்று போண்டா வந்தது. வெள்ளையன் தட்டை அலமேலு பக்கம் தள்ளினார், அப்புறம் என் பக்கம். நான் ஒன்றை எடுத்து, வழக்கம்போல் பிய்க்கப் போனேன்.

“முழுசாப் போடு வாத்தியாரே. போவுதா பாப்போம்.”

அலமேலு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்தாள். திறந்தேன். குச்சி குச்சியாகத் திறந்த வாய். போண்டா ஒரு பக்கம் முட்டி, கொஞ்சம் நின்று, உள்ளே போயிற்று.

இரண்டு பேரும் குனிந்து, டார்ச் இல்லாமலே, எட்டிப் பார்த்தார்கள். பிறகு வெள்ளையன் தட்டில் மிஞ்சியிருந்ததை எடுத்துக்கொண்டார்.